மஞ்சக்குட்டி நீலமான வருஷம்

என் மாமனாருக்கு ஆச்சரியப்படத் தெரியாது என்று கல்யாணமான புதிதிலேயே எனக்குச் சொல்லிவிட்டார்கள். சொன்னது அத்தைதான், அவருடைய மனைவி. "மாப்ளே, அவர்கிட்ட எதையாவது சொல்லிட்டு, 'அப்படியா'ன்னு கேப்பார்னு வாயைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க. பொண்ணு பொறந்திருக்குன்னு நர்ஸ் வந்து சொன்னப்பவே 'சரி'ன்னு சொன்ன மனுஷன் இவரு."

அந்தப் பெண்ணைத்தான் நான் கட்டியிருக்கிறேன். நானும் அவளும் மாடியில், மாமாவும் அத்தையும் கீழ் வீட்டில். நான் ஒரு ரொட்டிக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறேன். காலையிலேயே கிளம்பி மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். அதனால் இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதியை நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

மாமா கண்ணாடி வேலை செய்பவர். ஜன்னல், கடை முகப்பு, குளியலறை, அலமாரிக் கதவு, எங்கே கண்ணாடி வேண்டுமானாலும் அளந்து, வெட்டி, பதித்துக் கொடுப்பார். கண்ணாடிக்காரர் என்றால்தான் எங்கள் பக்கத்தில் அவரைத் தெரியும். "நல்ல கண்ணாடின்னா அது அங்க இருக்கறதே தெரியக் கூடாது" என்பார். ஒருமுறை துணிக்கடைக்கு அவர் போட்ட கதவில் ஒருவர் நேராக வந்து முட்டி நெற்றி வீங்கிப் போனார். கடைக்காரர் போன் பண்ணித் திட்டினார். மாமா போனை வைத்துவிட்டு, முகத்தில் ஒரு சிறிய திருப்தியோடு தேநீரைக் குடித்து முடித்தார்.

அவர் அதிகம் பேச மாட்டார். வேலைக்குப் போவார், வருவார், கையைக் கழுவுவார். அவர் கையில் கீறல் இல்லாத இடமே கிடையாது. எதைச் சொன்னாலும் "ம்" அல்லது "சரி". நாங்கள் மூன்று பேரும் அதற்குப் பழகிவிட்டிருந்தோம்.

அந்த மீன் வந்தது ஒரு பல் டாக்டர் அம்மாவிடமிருந்து. அவர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு வேறு ஊருக்குக் குடிபோவதாக இருந்தார். அறைகளுக்கு நடுவே இருந்த கண்ணாடித் தடுப்பைக் கழற்றித் தர மாமாவைக் கூப்பிட்டிருந்தார். அவ்வளவு பெரிய பலகைகளை ஏற்ற வண்டி வேண்டுமென்று மதியம் என்னையும் வரச் சொன்னார் மாமா. நான் போனபோது தடுப்பு கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மாமா அதன் பக்கத்தில் இல்லை. நோயாளிகள் காத்திருக்கும் அறையில், ஒரு மீன் தொட்டியின் முன்னால் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

அது கடல் தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்த மற்ற மீன்களை வளர்ப்பு மீன் விற்கும் ஒரு கடைக்காரர் வந்து பிடித்துப் போயிருந்தார். ஒன்று மட்டும் பாறைக்குள் ஒளிந்துகொண்டு சிக்கவில்லை. உள்ளங்கையில் பாதி இருக்கும். தட்டையான உடம்பு. நல்ல பழுத்த எலுமிச்சையின் மஞ்சள். கண்ணைச் சுற்றி மட்டும் யாரோ பேனாவால் நீல வட்டம் போட்டது போல இருந்தது.

"கையால பிடிக்காதீங்க. அது சர்ஜன் மீன். வாலுகிட்ட கத்தி வச்சிருக்கு" என்றார் டாக்டர் அம்மா.

அதற்குள் மாமாவின் கை தண்ணீருக்குள் போயிருந்தது. மீன் ஒரு மூலையில் ஒதுங்கி, வாலை ஒரே ஒரு வெட்டு வெட்டியது. மாமா கையை வெளியே எடுத்தார். பெருவிரலுக்குக் கீழே ஒரு கோடு. முதலில் ரத்தமே வரவில்லை. பிறகு கோடு முழுவதும் ஒரே நேரத்தில் சிவந்தது.

"பாத்தீங்களா மாப்ளே" என்று அந்தக் கோட்டை எனக்குக் காட்டினார். "புதுக் கண்ணாடி இப்படித்தான் வெட்டும். பிசிறே இல்ல பாருங்க."

பிறகு குனிந்து மீனைப் பார்த்தார். வாலின் அடியில் வெளிறிய முள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கண் முன்னாலேயே அது மடங்கி, உடம்பில் அதற்கென்றே இருந்த பள்ளத்துக்குள் போய்ப் படுத்துவிட்டது, பேனாக்கத்தி மடங்குவது போல. இப்போது அங்கே கத்தி இருந்த அடையாளமே இல்லை.

"அடேங்கப்பா" என்றார் மாமா.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கல்யாணமாகி ஐந்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

கடைசியில் தண்ணீரைப் பாதிக்கு மேல் இறைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மெதுவாகச் சாய்த்து அதைப் பிடித்தோம். தொட்டி, பாறை, பம்பு, ஹீட்டர், கேன் கேனாகக் கடல் தண்ணீர், எல்லாவற்றையும் டாக்டர் அம்மா மாமாவுக்கே கொடுத்துவிட்டார். ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் வேனில் என்ன நாற்றம் என்று கம்பெனியில் கேட்டார்கள். மாமனார் வீட்டுச் சீர் என்று சொல்லித் தப்பித்தேன்.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. "சமைச்சுச் சாப்பிடவும் முடியாது, மடியில வச்சுக் கொஞ்சவும் முடியாது. இது எதுக்கு நமக்கு?" என்றார். மாமா சுத்திகரித்த தண்ணீரில் உப்புத்தூளைக் கரைத்து, டாக்டர் அம்மா சொல்லிக் கொடுத்தபடி அளவுக் கருவியை அதில் மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கூடிவிட்டது. தண்ணீர் சேர்த்தார். இப்போது குறைந்துவிட்டது. மறுபடியும் உப்பு.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். நீங்க கடலையே அளக்கறீங்க" என்றார் அத்தை.

என் மனைவிதான் அதற்கு மஞ்சக்குட்டி என்று பெயர் வைத்தாள்.

விளக்கை அணைத்தால் அது நிறம் வெளுத்து, பாறை இடுக்கில் சாய்ந்து படுத்துவிடும். முதல்முறை அதைப் பார்த்த அத்தை, செத்தே போய்விட்டது என்று எங்களை மாடியிலிருந்து கூப்பிட்டுவிட்டார். விளக்கைப் போட்டதும் கொஞ்ச நேரத்தில் நிறம் ஊறி வந்தது. எழுந்து பாறையில் பாசியைக் கொறிக்கப் போய்விட்டது. பகலெல்லாம் அதற்கு அதே வேலைதான். சின்ன வாயைக் குவித்துப் பாறையில் முத்தம் வைப்பது போலக் கொத்திக்கொண்டே இருக்கும். கடையில் விற்கும் உலர்ந்த பாசித் தாளை ஒரு கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டால் அதையும் கிழித்துக் கிழித்துத் தின்னும்.

மாமா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார ஆரம்பித்தார். வேலைக்குப் போகும் முன் கொஞ்ச நேரம், வந்த பிறகு கொஞ்ச நேரம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க. இந்தப் பக்கம் வருது, திரும்புது. அந்தப் பக்கம் போகுது, திரும்புது. ரெண்டு வாலடிச்சா சுவரு. நாமளா இருந்தா பைத்தியம் பிடிச்சிருக்கும்."

அந்த மாதமே கூடத்தின் ஒரு சுவர் நீளத்துக்குப் புதுத் தொட்டி கட்டினார். கனமான கண்ணாடியைத் தானே வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, சிலிக்கான் பசை போட்டு ஒட்டினார். முற்றத்தில் வைத்துத் தண்ணீர் நிரப்பி, எங்காவது கசிகிறதா என்று பல நாள் காய்ந்த காகிதத்தால் மூலை மூலையாக ஒற்றிப் பார்த்தார். அத்தை வீட்டிலிருந்தே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். கூடத்திலிருந்த அவருடைய தையல் மெஷின் படுக்கையறைக்குப் போனது. "யானை வாங்கினா அங்குசமும் வாங்கணும்பாங்க. இவரு சித்தெறும்பு வாங்கிட்டு யானைக் கொட்டாய் கட்டறாரு" என்று எல்லோரிடமும் சொன்னார். ஆனால் மெஷினை நகர்த்தும்போது ஒரு பக்கம் பிடித்ததும் அவர்தான்.

பெரிய தொட்டிக்குள் விட்ட அன்று மஞ்சக்குட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே வீச்சில் போனது. போய்ச் சேர்ந்து, திரும்பி, கொஞ்சம் நின்று, மறுபடி வந்தது. மாமா முக்காலியிலிருந்து எழுந்து கூடவே நடந்தார். அது திரும்பினால் அவரும் திரும்பினார். நானும் என் மனைவியும் மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வருஷம் அவருக்கு ஒரு விபத்து நடந்தது. கண்ணாடிக் கிடங்கில் ஒரு பெரிய பலகையை நிமிர்த்தும்போது, உள்ளுக்குள் எங்கோ விரிசல் இருந்திருக்கிறது. பாதியாக உடைந்து அவருடைய வலது மணிக்கட்டின் மேல் இறங்கிவிட்டது. விரல்களை இழுக்கும் நரம்புகள் அறுந்துபோயின. ஆபரேஷன் பண்ணி ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் தைத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் நானும் என் மனைவியும் கட்டிலருகே நின்றோம். உதட்டை நனைத்துக்கொண்டு, "உப்புப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

நர்ஸ் திரும்பி, "உங்களுக்கு இன்னைக்குக் கஞ்சித் தண்ணிதான். உப்பெல்லாம் நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

"அப்பா மீனுக்குக் கேக்கறாரு" என்றாள் என் மனைவி. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது அத்தை. முதல் நாள் பாசித் தாளைத் தையல் கத்தரியால் வெட்டி, கிளிப்பில் மாட்டி, கை படாமல் தூரத்திலிருந்தே தொட்டிக்குள் விட்டாராம். இரண்டு மூன்று நாளில் பயம் போய்விட்டது. தண்ணீர்க் குடங்களைத் தூக்குவது என் வேலை, அளப்பது அவர் வேலை. ஒருநாள் நான் குடத்தோடு உள்ளே வந்தபோது அத்தை தொட்டியிடம் பேசிக்கொண்டிருந்தார். "வாங்க, சாப்பிடுங்க. அவரு வந்துருவாரு. கை மட்டுந்தான், மத்தபடி நல்லாத்தான் இருக்காரு." என்னிடம்கூட அத்தை அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

மாமா வீட்டுக்கு வந்தபோது கை கட்டுக்குள் இருந்தது. கட்டைப் பிரித்த பிறகு விரல்கள் மடங்கவில்லை. பயிற்சி கொடுக்கிற பெண் வாரம் ஒருமுறை வரச் சொன்னார். மற்ற நாளில் வீட்டிலேயே ஒவ்வொரு விரலாக மடக்க வேண்டும், ரப்பர் பந்தை அழுத்த வேண்டும். கண்ணாடி வெட்டும் கையால் ஒரு பந்தை அழுத்த முடியாமல் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. முக்காலியில் உட்கார்ந்து, தொட்டியைப் பார்த்துக்கொண்டேதான் செய்வார். பந்தைப் பார்க்கவே மாட்டார்.

அப்போதுதான் அதைக் கவனித்தார். மஞ்சக்குட்டியின் முதுகுத் துடுப்பின் ஓரத்தில் முன்பே ஒரு மெல்லிய நீலக் கோடு உண்டு. அந்தக் கோடு இப்போது உடம்புக்குள் இறங்கியிருந்தது. முதுகெல்லாம் மை கசிந்தது போல ஒரு சாம்பல் நீலம்.

மீன் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தெளிவாச் சொல்ல முடியல. தோல் நோயா இருக்கலாம். மருந்து தரேன், ஊத்திப் பாருங்க" என்றார். மருந்து வந்தது. மாமா இடது கையால் பாட்டிலைத் திறந்து, மறுபடி மூடி வைத்தார்.

"சாப்பிடுது, நீந்துது, கண்ணு தெளிவா இருக்கு. நோய் மாதிரி தெரியல. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுரலாம்."

பல் டாக்டர் அம்மாவுக்கு என் மனைவி போட்டோ அனுப்பிப் போன் போட்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நோயெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றார் அவர். "அது பெரிசாகுது. இந்த வகையில குஞ்சுங்கதான் மஞ்சள். பெரிசானா முழுக்க நீலமாயிடும். வால்தான் கடைசியா மாறும். எப்போ மாறும்னு கணக்குக் கிடையாது, அது இஷ்டம். மருந்து ஊத்தாதீங்க."

போனை வைத்ததும் மாமா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அதுக்குத் தெரியுமா?"

"எதுங்க?" என்றார் அத்தை.

"நீலமாயிட்டு வரோம்னு."

அத்தை வாயைத் திறந்தார். ஏதாவது கேலி வரும் என்று நினைத்தேன். "தெரியலியே" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் அவரும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து முக்காலிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த மாதங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. மதியம் வேன் சாவியை மாட்டிவிட்டு நேராகக் கீழ் வீட்டுக்குத்தான் போவேன். நீலம் எது வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தினமும் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. நான்கு நாள் வெளியூர் போய்விட்டு வந்தால் திக்கென்று இருக்கும். வயிற்றுப் பக்கம் மஞ்சள் கரைந்து, அதன் மேல் அலை அலையாக மெல்லிய கோடுகள். ஒரு கட்டத்தில் உடம்பு முழுவதும் நீலமாகி, வால் மட்டும் பழைய மஞ்சளில் நின்றது. யாரோ இரண்டு மீனை வெட்டி ஒட்டியது போல. மாமாவின் விரல்களும் அதே வேகத்தில்தான் வந்தன. ஆள்காட்டி விரல் முதலில். நடுவிரல் பிறகு. சுண்டுவிரல் வரவேயில்லை. பயிற்சி கொடுக்கிற பெண் ஒருநாள் வீட்டுக்கே வந்தார். மாமாவின் கையை மடியில் வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் மீனைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒருநாள் மாமா வெட்டி மிஞ்சிய முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துவந்து தொட்டியின் பக்கவாட்டில் வைத்தார். மஞ்சக்குட்டி வந்தது. பார்த்தது. துடுப்பையெல்லாம் விரித்து உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி வாலை அடித்தது. கத்தி முள் வெளியே வந்துவிட்டது. மாமா சட்டென்று கண்ணாடியை எடுத்தார்.

"அதுக்கு அது யாரோ வேத்தாள்" என்றார். "பாவம், பயமுறுத்திட்டேன்." கண்ணாடித் துண்டைத் துணியில் சுற்றி மேலே வைத்துவிட்டார். மறுபடி அப்படிச் செய்யவில்லை.

வாலும் நீலமான பிறகு பல் டாக்டர் அம்மா எங்கள் ஊருக்கு ஏதோ வேலையாக வந்தவர் அதைப் பார்க்க வந்தார். தொட்டியைப் பார்த்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். மஞ்சக்குட்டி அப்போது கை விரித்த அளவுக்கு வளர்ந்திருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. "எங்கிட்ட இருந்தப்போ எப்பப் பாத்தாலும் ஒளிஞ்சுக்கும். நான் இதை முழுசாப் பாத்ததே கொஞ்சந்தான்" என்றார்.

தேநீர் குடித்துக்கொண்டே, மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே வந்தேன். இதுக்கு மஞ்சள்கூட மொதல் நிறம் இல்லைங்க. நடுக்கடல்ல முட்டையில இருந்து வரும். அப்புறம் வாரக்கணக்குல அலையில மிதந்துக்கிட்டே வளரும். அப்போ இதுக்கு நிறமே கிடையாது. ஒரு சின்னக் காசு அளவு, கண்ணாடி மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் இருந்து பாத்தா அந்தப் பக்கம் தெரியும். வயிறு மட்டும் லேசா வெள்ளி மாதிரி மினுங்கும். பாறை இருக்கிற இடமாப் பாத்து வந்து சேந்தப்புறம்தான் நிறமே ஏறும். சில நாள்லயே."

மாமா குவளையைக் கீழே வைத்தார்.

"கண்ணாடியா?"

"ஆமாங்க."

"தாய் மீன்?"

"தாய் எங்கியோ. முட்டை விட்டதோட சரி."

"அப்ப யாரு வழி சொன்னது, இந்தப் பாறைக்கு வான்னு?"

"அது யாருக்கும் சரியாத் தெரியாதுங்க. சத்தத்தை வச்சு வருதுன்றாங்க, வாசனைன்றாங்க."

மாமா எழுந்து தொட்டிக்குப் பக்கத்தில் போனார். வழக்கமாக முக்காலியில் உட்கார்ந்து பார்ப்பவர், அன்று தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மீன் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றது. இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். டாக்டர் அம்மா கிளம்பும்போதுகூட மாமா எழுந்திருக்கவில்லை. அத்தைதான் வாசல் வரை போய், "தப்பா எடுத்துக்காதீங்க, அவருக்கு இன்னைக்குக் கொஞ்சம் அதிகமாயிடுச்சு" என்று சமாதானம் சொன்னார்.

மறுநாள் மாமா மாடிக்கு வந்தார். சாதாரணமாக மாடிக்கு வர மாட்டார். "மாப்ளே, உங்களுக்கு எப்போ லீவு? கடலுக்குப் போகணும்" என்றார்.

மாமா கடலைப் பார்க்காதவர் இல்லை. அதன் கரையிலிருக்கும் பெரிய ஹோட்டலுக்கு ஜன்னல் போட்டவரே அவர்தான். அப்போதெல்லாம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கூட்டம் அதிகமில்லாத ஒரு பாறைக் கரைக்கு நான்கு பேரும் வேனில் போனோம். தண்ணீருக்கடியில் பார்க்கிற முகமூடி ஒன்றை என் மனைவி வாங்கி வைத்திருந்தாள். அது எதற்கு என்று மாமா கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பை அத்தையிடம் கொடுத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீர் வரை போனார். இடது கையால் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே வைத்தார்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் தலை தூக்கினார்.

"என்னப்பா தெரிஞ்சுது?" என்று கரையிலிருந்து கேட்டாள் என் மனைவி.

"ஒண்ணும் தெரியல" என்றார். குரலில் ஏமாற்றமே இல்லை. "கலங்கலா, பச்சையா இருக்கு. கையை நீட்டினா கையே தெரியல."

"அந்த மீனு இந்தக் கடல்ல இருக்காதுன்னு டாக்டர் சொன்னாங்களேப்பா."

"எல்லாம் ஒரே தண்ணிதானம்மா." முகமூடியிலிருந்து நீரை வடித்தார். "நினைச்சுப் பாரு. காசு அளவு இருந்துக்கிட்டு, இதுக்குள்ள… இம்புட்டுக்குள்ள…" கையை வீசிக் காட்டினார். மூன்று விரல் மடங்கி, சுண்டுவிரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.  மறுபடி முகத்தை உள்ளே வைத்துக்கொண்டார்.

வெயில் ஏறியது. மாமாவின் முதுகு சிவந்துவிட்டது. "போதும், வாங்க" என்று அத்தை கூப்பிட்டார். மாமா முகத்தைத் தூக்காமலேயே, கொஞ்ச நேரம் என்று கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். அத்தை இன்னும் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு செருப்புகளை என்னிடம் கொடுத்தார். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு பாறையாகத் தடவித் தடவி அவரிடம் போனார். அலை வந்து இடுப்பை நனைத்தபோதும் நிற்கவில்லை.

"கொஞ்சம் கழட்டிக் குடுங்க" என்றார். "நானும் பாக்கறேன்."

மாமா முகமூடியைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார். வாரில் சிக்கிய முடியைச் சுண்டுவிரல் மடங்காத கையாலேயே எடுத்துவிட்டார். அத்தை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார்.